மின்னாத கல்லுக்குச் சிவப்புப் புள்ளி

ஃப்ரைபெர்க்கிலிருந்து 101ஆம் எண் சாலையில் தென்மேற்காகக் கிளம்பினால், குறுக்காக வைத்த இரண்டு சுத்தியல்கள் ஊருக்கு ஊர் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். ஊர்ச் சின்னத்தில் இருக்கும், விடுதிப் பலகையில் இருக்கும், பழைய வீட்டு வாசற்கல்லில் இருக்கும். ஜெர்மனியின் சாக்சனி மாநிலத்தையும் செக் நாட்டையும் பிரித்துக்கொண்டு கிடக்கும் இந்த மலைத்தொடரில் 1168இல் வெள்ளி அகப்பட்டது. அன்று எடுத்த சுத்தியலை எண்ணூறு ஆண்டுகளுக்கு யாரும் கீழே வைக்கவில்லை. வெள்ளி தீர்ந்தால் வெள்ளீயம், அதற்கப்புறம் கோபால்ட், கடைசியில் யுரேனியம். 2019இல் இரு நாட்டுப் பகுதிகளையும் சேர்த்து யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏற்றியது.

நான் போனது ஒரு கல்லைப் பார்க்க. புற ஊதா விளக்கின் கீழ் பச்சையாக எரியும் யுரேனியக் கனிமம் ஒன்று, எல்லைக்கு அப்பால் யாகிமோவ் என்ற சிற்றூரில், ஒரு தனி மனிதரின் சேகரிப்பில் இருக்கிறது என்று கேள்விப்பட்டிருந்தேன். சொன்னவர் நெய்வேலிக்காரர். பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தின் பக்கத்தில் வளர்ந்தவர். இப்போது ஃப்ரைபெர்க்கில், 1765இல் தொடங்கிய சுரங்கப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறார். கார் அவருடையது, ஜெர்மன் மொழியும் அவருடையது. எனக்கு இரண்டும் கிடையாது.

முந்தின நாள் ஃப்ரைபெர்க் கோட்டைக்குள் இருக்கும் டெர்ரா மினராலியா அருங்காட்சியகத்தைப் பார்த்திருந்தோம். உலகெங்கிலும் இருந்து வந்த மூவாயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட கனிமங்கள் அங்கே காட்சிக்கு இருக்கின்றன. அவை எரிகா போல்-ஸ்ட்ரோயர் என்ற ஒரே பெண்மணி வாழ்நாளெல்லாம் சேர்த்தவை. நிரந்தரக் கடனாக அவர் பல்கலைக்கழகத்திடம் ஒப்படைத்தார், 2008இல் மக்களுக்காகத் திறந்தார்கள். தனியார் சேகரிப்பு என்றால் பணக்காரர் பெட்டிக்குள் பூட்டிவைத்த பொருள் என்று நினைத்திருந்த எனக்கு அது நல்ல பாடம். கனிமவியலின் பாதி, இப்படிப்பட்ட சொந்த அலமாரிகளில்தான் வளர்ந்திருக்கிறது.

“நாம பார்க்கப்போற அலமாரி இவ்வளவு பெருசில்லண்ணே” என்றார் நெய்வேலித் தம்பி, அன்னாபெர்கைத் தாண்டும்போது. “ஆனா உள்ள போனதும் எதையும் தொட்டுடாதீங்க. அவரு கோவிச்சுக்க மாட்டாரு. கையைக் கழுவுங்க, கழுவுங்கன்னு உயிரை எடுத்துடுவாரு.”

ஓபர்வீசன்தாலில் சாலை மலையுச்சியைத் தொடுகிறது. ஒரு பக்கம் 1,215 மீட்டர் உயரமுள்ள ஃபிக்டெல்பெர்க், எதிரே 1,244 மீட்டரில் செக் நாட்டு கிளீனோவெட்ஸ். நடுவில் நாட்டின் எல்லை. சோதனைச் சாவடி இல்லை, காவலர் இல்லை, பலகையில் எழுத்து மட்டும் மாறுகிறது. போஷீ தார் என்ற மேட்டு ஊரைக் கடந்ததும் சாலை காட்டுக்குள் சரசரவென்று இறங்கி, ஒரு குறுகலான பள்ளத்தாக்கில் நம்மை விடுகிறது. அதுதான் யாகிமோவ், ஜெர்மன் மொழியில் யோவாகிம்ஸ்தால்.

ஊர் என்றால் ஒரே ஒரு நீளத் தெரு. மேல்முனையில் தேவாலயம், நகரமன்றம், நாணயச்சாலை, சுரங்கம். கீழ்முனையில் வெள்ளைவெளேரென்று குளியல் விடுதிகள். இடையில் பல வீடுகளில் ஆள் இல்லை. 1516இல் ஷ்லிக் பிரபுக்கள் நிறுவிய இந்த ஊரில், வெள்ளி கொழித்த 1530களில் சுமார் 18,000 பேர் இருந்தார்கள்; பொஹீமியாவில் பிராகாவுக்கு அடுத்த பெரிய ஊர் இது. இன்று மூவாயிரம் பேர்கூட இல்லை. இங்கே அடித்த வெள்ளிக் காசின் பெயர்தான் டாலர் வரை போயிற்று என்பதை நாணயச்சாலை அருங்காட்சியகத்தில் எல்லோருக்கும் சொல்கிறார்கள். சொல்லட்டும். எனக்கு அந்த வெள்ளியோடு கூடவே கிடைத்து, யாரும் எடுக்காமல் தூக்கி எறிந்த கறுப்புக் கல்லைப் பற்றித்தான் தெரிய வேண்டியிருந்தது.

பிட்ச்பிளெண்ட் என்பது அந்தக் கல். தார் போலக் கறுப்பு, கையில் எடுத்தால் நினைத்ததைவிடக் கனம். சுரங்கத்தில் அது தென்பட்டால் வெள்ளி முடிந்தது என்று தொழிலாளிகள் அறிந்துகொள்வார்கள். குப்பைமேட்டில் கொட்டிவிட்டு வேறு பக்கம் தோண்டப் போவார்கள். 1789இல் பெர்லின் வேதியியலாளர் கிளாப்ரோத் இதே மலைத்தொடரின் பிட்ச்பிளெண்டை ஆராய்ந்து, அதில் புதியதொரு தனிமம் இருப்பதைக் கண்டார். யுரேனியம் என்று பெயரிட்டார். பெயர் வைத்தபின்னும் அதனால் என்ன பயன் என்று யாருக்கும் தெரியவில்லை. பயனைக் கண்டுபிடித்தவர்கள் கண்ணாடிக்காரர்கள்.

கீழ்த்தெருவில் ஒரு பழம்பொருள் கடையில் யுரேனியம் கலந்த அந்தக் கண்ணாடி கிடைத்தது. எலுமிச்சை மஞ்சளில் சிறு கிண்ணம். பகல் வெளிச்சத்தில் ஓரங்களில் மட்டும் லேசாகப் பச்சை ஓடும். தம்பி சாவிக்கொத்தில் வைத்திருந்த புற ஊதா டார்ச்சை அடித்ததும் கிண்ணம் முழுவதும் பச்சை நெருப்பாக எழுந்தது. கடைக்காரம்மாளுக்கு இது பழகிய காட்சி; திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. 1830களில் பொஹீமியாவின் ரீடல் குடும்பத்தார் அன்னா மஞ்சள், அன்னா பச்சை என்று பெயரிட்டு விற்ற சரக்கு இந்த வகைதான். ஐரோப்பிய மாளிகைகளில் அதற்கு அப்படியொரு மவுசு. 1850களில் யாகிமோவிலேயே யுரேனியச் சாயம் தயாரிக்க அரசாங்க ஆலை வைத்தார்கள். குப்பைக் கல்லுக்கு முதல்முறையாக விலை வந்தது. அது அந்த நிறத்துக்கான விலை.

ஆலையில் என்ன செய்தார்கள் என்பதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். கறுப்புக் கல்லைப் பொடித்து, வறுத்து, அமிலத்தில் கரைத்து, யுரேனியத்தைப் பிரித்து எடுத்தார்கள். நிறம் கண்ணாடிக்குப் போயிற்று. மிஞ்சிய பழுப்பு நிறக் கசடை ஊருக்கு வெளியே பைன் காட்டில் கொட்டினார்கள். 1898இல் பாரிசில் மேரி கியூரியும் பியேர் கியூரியும் பிட்ச்பிளெண்டின் கதிரியக்கத்தை அளந்தபோது கணக்கு இடித்தது. அதிலுள்ள யுரேனியத்தால் வரக்கூடியதைவிடப் பல மடங்கு அதிகமாக இருந்தது அளவு. அப்படியென்றால் உள்ளே வேறு ஏதோ இருக்கிறது. அந்த ஆண்டு ஜூலையில் பொலோனியம், டிசம்பரில் ரேடியம். ரேடியத்தைத் தனியே எடுத்துக் காட்ட வேண்டுமென்றால் டன் கணக்கில் தாது வேண்டும்; அதை வாங்க அவர்களிடம் பணம் இல்லை. யுரேனியம் நீக்கிய கசடு போதுமே என்று தோன்றியது. வியன்னா அறிவியல் கழகத் தலைவர் எடுவர்ட் சூஸ் பேசி, ஆஸ்திரிய அரசு சம்மதித்தது. யாகிமோவின் கசடு சாக்குகளில் பாரிசுக்குப் போயிற்று. அவிழ்த்தபோது உள்ளே பைன் ஊசியிலைகளும் கலந்து கிடந்தன. டன் டன்னாகக் காய்ச்சி வடித்து 1902இல் மேரியின் கையில் எஞ்சியது பத்தில் ஒரு கிராம் ரேடியம் குளோரைடு.

மாளிகை மேசையில் பச்சையாக மின்னிய பங்கு ஒன்று, காட்டில் மழையில் நனைந்து கிடந்த பங்கு ஒன்று. இரண்டும் ஒரே கல்லிலிருந்து வந்தவை. வீரியம் பெரிதும் இருந்தது காட்டில்.

யாகிமோவ் முழுக்க இந்தக் கதைதான் திரும்பத் திரும்ப நடந்திருக்கிறது என்பது அன்று மாலைக்குள் எனக்குப் புரிந்தது. மனிதர்கள் எதைப் பார்த்து ஆசைப்பட்டார்களோ, பயந்தார்களோ, அது ஒரு பக்கம். உண்மையான சக்தி இருந்தது வேறு பக்கம்.

தெருவின் மேல்முனையில் ஸ்வோர்னொஸ்ட் சுரங்கத்தின் இரும்புக் கோபுரம் நிற்கிறது. 1518இல் தொடங்கிய சுரங்கம், இன்றும் ஓடுகிறது. அங்கே எடுப்பது இப்போது வெந்நீர். சுமார் 500 மீட்டர் ஆழத்தில் பாறைக்குள்ளிருந்து வரும் நீரில் ரேடான் என்ற கதிரியக்க வாயு கரைந்திருக்கிறது. அதைக் குழாயில் கீழ்முனைக் குளியல் விடுதிகளுக்குக் கொண்டுபோகிறார்கள். ஒரு நீரூற்றுக்குக் கியூரியின் பெயர். 1906இல் சுரங்கத்திலிருந்து நீரைச் சுமந்து வந்து தொட்டியில் ஊற்றிக் குளிப்பாட்டியதில் தொடங்கிய மருத்துவம். 1912இல் ரேடியம் பேலஸ் என்ற பெரிய விடுதி எழும்பியது. மூட்டுவலி, முதுகுத்தண்டுத் தொல்லை என்று இன்றும் ஆட்கள் வருகிறார்கள். மருத்துவர் எழுதிக்கொடுத்த கணக்குப்படி, ஒரு முறைக்கு இருபது நிமிடம். வாசற்படியில் வெள்ளை அங்கி போட்ட முதியவர்கள் வெயில் காய்ந்துகொண்டிருந்தார்கள். நீருக்கு நிறமில்லை, மணமில்லை, இருட்டில் ஒளியுமில்லை.

அதே வாயுதான் சுரங்கத்துக்குள் ஆளைக் கொன்றது. 1527இல் இந்த ஊருக்கு மருத்துவராக வந்த அக்ரிகோலா, சுரங்கத் தொழிலாளிகளின் நுரையீரல் அழுகுவதைப் பற்றிப் பின்னாளில் எழுதினார். கார்பாத்திய மலைச் சுரங்க ஊர்களில் ஏழு கணவர்களை இப்படிப் பறிகொடுத்த பெண்கள் உண்டு என்பது அவர் பதிவு செய்த செய்தி. அவர் தூசியைக் குறை சொன்னார். ஊரார் பாறைக்குள் வாழும் பூதங்களைக் குறை சொன்னார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் ஷ்னேபெர்க் சுரங்கத்தாரின் சாவு நுரையீரல் புற்றுநோயால் என்று ஹெர்டிங், ஹெஸ்ஸ என்ற இரு மருத்துவர்கள் காட்டியது 1879இல். ரேடானின் பெயர் அதில் சேர்ந்தது இருபதாம் நூற்றாண்டில்தான். மருந்தளவில் தொட்டியில் இருப்பதும், அளவில்லாமல் காற்றோட்டமற்ற குழிக்குள் நிறைந்திருப்பதும் ஒரே பொருள்.

சேகரிப்பாளர் மாலையில்தான் வரச் சொல்லியிருந்தார். அதற்குள் ஓஸ்ட்ரோவ் ஊருக்குப் பக்கத்தில் விக்மனோவ் போய்வரலாம் என்று தம்பி சொன்னார். மலை இறங்கிச் சமவெளி தொடங்கும் இடம். அங்கே ஒரு சிவப்புச் செங்கல் கோபுரம் தனியாக நிற்கிறது. அழகு எதுவும் இல்லை. அரிசி ஆலையோ உப்புக் கிடங்கோ என்று நினைத்துக் கடந்துபோய்விடலாம். ‘சாவுக் கோபுரம்’ என்று அதை அழைக்கிறார்கள்.

1945 நவம்பரில் செக்கோஸ்லோவாக்கியா சோவியத் ஒன்றியத்தோடு ஓர் ஒப்பந்தம் செய்தது. யாகிமோவின் யுரேனியம் அப்படியே மாஸ்கோவின் அணுகுண்டுத் திட்டத்துக்குப் போகும். தோண்ட ஆள் வேண்டும். 1949 முதல் 1961 வரை இந்தப் பள்ளத்தாக்கைச் சுற்றிக் கைதி முகாம்கள் இருந்தன. விவசாயி, பாதிரியார், மாணவர், முன்னாள் படைவீரர் என்று கம்யூனிஸ்ட் அரசு எதிரியாகக் கண்ட எவரும் இங்கே வந்து சேரலாம். 1947இலும் 1949இலும் உலகச் சாம்பியன் பட்டம் வென்ற ஐஸ் ஹாக்கி அணியின் கோல்காப்பாளர் பொஹுமில் மோத்ரி அப்படி வந்தவர். 1950இல் கைது, பதினைந்து ஆண்டுத் தண்டனை. 1955இல் வெளியே விட்டார்கள். 1963இல் நாற்பத்தாறு வயதில் இறந்தார்.

விக்மனோவ் முகாமின் வேலை, சுரங்கங்களிலிருந்து வந்த உயர்ரகத் தாதைப் பொடித்து, தரம் பிரித்து, இரும்புப் பீப்பாய்களில் அடைத்து ரயிலேற்றுவது. கோபுரத்துக்குள் அந்தப் பொடி பறந்தது. முகமூடி இல்லை, எச்சரிக்கை இல்லை. துணியில், தலைமுடியில், சாப்பாட்டில் எல்லாம் ஒரே கறுப்புத் தூசி. அந்தத் தூசியும் மின்னுவதில்லை. மின்னியிருந்தால் யாராவது பயந்திருப்பார்களோ என்னவோ.

திரும்பி ஊருக்குள் வந்தபோது ஐந்து மணி. வீடு எந்தப் பக்கம் என்று சொல்வதற்கில்லை. கதிரியக்கக் கல் வைத்திருப்பவர்கள் விலாசத்தை அச்சில் பார்க்க விரும்புவதில்லை. சேகரிப்பாளர் எழுபதைத் தாண்டிய செக் நாட்டவர். நில அளவையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஜெர்மன் சரளமாகப் பேசினார். மனைவி உலர்திராட்சை போட்ட ரொட்டியும் காப்பியும் கொண்டுவந்து வைத்தார். சாப்பிட்டு முடித்து, தட்டை எடுத்துக்கொண்டு போன பிறகுதான் அவர் சேகரிப்பு அறையின் கதவைத் திறந்தார். கற்கள் இருக்கும் அறையில் தின்பண்டம் நுழையக்கூடாது. அது முதல் விதி.

அறை வடக்குப் பார்த்தது. வீட்டில் யாரும் படுக்காத, உட்காராத மூலை. கண்ணாடிக் கதவு போட்ட அலமாரி. அதன் முதுகிலிருந்து ஒரு குழாய் ஜன்னல் வழியே வெளியே போயிற்று. உள்ளே சிறு விசிறி ஒன்று ஓயாமல் ஓடியது. கற்களிலிருந்து கசியும் ரேடான் பெட்டிக்குள் தேங்காதிருக்க இந்த ஏற்பாடு. ஒவ்வொரு கல்லுக்கும் மூடியுள்ள சிறு பிளாஸ்டிக் பெட்டி, அதனடியில் சீட்டு: கனிமத்தின் பெயர், சுரங்கம், எத்தனையாவது தளம், கிடைத்த ஆண்டு, யாரிடமிருந்து வந்தது. சில சீட்டுகள் பழைய கோணல் ஜெர்மன் எழுத்தில் இருந்தன. கல் போனாலும் சீட்டைத் தொலைக்கக் கூடாது என்பது சேகரிப்பாளர்களிடையே எழுதாத சட்டம். சீட்டில்லாத கல்லுக்கு ஊரும் கிடையாது, வயதும் கிடையாது.

நான் பார்க்க வந்தது ஒரு தீப்பெட்டி அளவுதான் இருந்தது. சாம்பல் நிறப் பாறைத்துண்டின் மேல் வெளிர்மஞ்சளும் பச்சையும் கலந்த சிறு சிறு செதில் உருண்டைகள், ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடுதல். பகல் வெளிச்சத்தில் பூசணம் பூத்தது என்று சொல்லலாம். ஷ்ரோக்கிங்கெரைட். முதன்முதலில் இந்த யாகிமோவ் சுரங்கங்களில் கண்டு, 1873இல் ஓர் ஆஸ்திரியப் பிரபுவின் பெயரால் விவரித்தார்கள். அதே ஆண்டில்தான் ஊர் பெருந்தீயில் எரிந்தது.

திரையை இழுத்து அறையை இருட்டாக்கினார். விளக்கைப் போட்டார்.

மஞ்சள் சாய்ந்த பச்சை. ஆனால் வெளிச்சம் பட்டுத் திரும்புகிற பச்சை இல்லை. உருண்டைகள் ஒவ்வொன்றும் உள்ளிருந்து தானே எரிந்தன. பாறை மறைந்துவிட்டது. அந்தரத்தில் ஒளிப்பொட்டுகள் மட்டும் நின்றன. எவ்வளவு படித்திருந்தாலும் முதல்முறை பார்க்கும்போது ஒரு கணம் கை தானாகப் பின்வாங்குகிறது. அவர் அதைக் கவனித்துவிட்டார். சிரித்தபடி ஜெர்மனில் ஏதோ சொன்னார்.

“எல்லாரும் இப்படித்தான் கையை இழுத்துக்குவாங்களாம்ணே” என்றார் தம்பி. “இழுக்க வேண்டிய கல்லு இது இல்லையாம்.”

பிறகு பாடம் நடந்தது. ஒளிர்வது யுரேனியத்தின் கதிரியக்கம் அன்று. யுரேனியம் காற்றையும் நீரையும் சந்தித்து ஆக்சிஜனேற்றம் அடையும்போது, ஒரு யுரேனிய அணுவுக்கு இரு பக்கமும் ஓர் ஆக்சிஜன் அணு நேர்கோட்டில் வந்து சேர்கிறது. யுரேனைல் என்பது அந்தக் கூட்டு. புற ஊதாக் கதிரை அது விழுங்கி, அதன் எலக்ட்ரான்கள் எழும்பி, மீண்டும் இறங்கும்போது பச்சை ஒளியை விடுகின்றன. விளக்கை அணைத்தால் ஒளியும் நின்றுவிடும். இது முழுக்க எலக்ட்ரான்களின் விவகாரம். கதிரியக்கம் நடப்பது அணுவின் கருவில். அதற்கு விளக்கும் வேண்டாம், இருட்டும் வேண்டாம். நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மோனசைட் மணலில் தோரியம் இருக்கிறது, ஓயாமல் கதிர்கிறது. அந்த மணல் என்றாவது ராத்திரியில் மின்னியதா?

சொன்னதை நிரூபிக்க இரண்டு பெட்டிகளை எடுத்தார். ஒன்று ஆட்டுனைட், இன்னொன்று டார்பெர்னைட். இரண்டும் யுரேனைல் பாஸ்பேட்டுகள்தாம். முன்னதில் கால்சியம், பின்னதில் தாமிரம், அமைப்பில் பங்காளிகள். பகலில் டார்பெர்னைட்தான் அழகு, மரகதப் பச்சையில் சதுரம் சதுரமான தகடுகள். விளக்கின் கீழ் ஆட்டுனைட் கொழுந்துவிட்டு எரிந்தது. டார்பெர்னைட் கறுத்துப்போய்க் கிடந்தது. எலக்ட்ரான் வாங்கிய ஆற்றலை ஒளியாகும் முன்பே தாமிரம் உறிஞ்சிவிடுகிறது. யுரேனியம் இரண்டிலும் உண்டு, கதிரியக்கமும் உண்டு. ஒளி மட்டும் ஒன்றில்தான்.

இந்தக் குழப்பம் நமக்கு மட்டும் வந்ததில்லை. கதிரியக்கத்தைக் கண்டுபிடித்த ஹென்றி பெக்கெரெலும் இதில்தான் தொடங்கினார். ஒளிரும் யுரேனைல் உப்பு வெயில் பட்டு ஊடுருவும் கதிரை விடுகிறது என்று எண்ணி, கறுப்புக் காகிதத்தில் சுற்றிய புகைப்படத் தகட்டின் மேல் அதை வைத்து வெயிலில் காட்டினார். 1896 பிப்ரவரிக் கடைசியில் பாரிசில் வெயில் இல்லை. தகடும் உப்பும் மேசை இழுப்பறைக்குள் கிடந்தன. மார்ச் 1ஆம் தேதி எடுத்துக் கழுவியபோது தகட்டில் கறை அழுத்தமாக விழுந்திருந்தது. பிறகு ஒளிராத யுரேனியச் சேர்மங்களையும் வைத்துப் பார்த்தார். அவையும் கறை போட்டன. ஒளியைத் தேடிப் போனவருக்கு, ஒளிக்குச் சம்பந்தமே இல்லாத ஒன்று கிடைத்தது.

“இப்போது கேளுங்கள்” என்று சேகரிப்பாளர் கதிரியக்கத்தை அளக்கும் கெய்கர் கருவியை எடுத்தார். ஷ்ரோக்கிங்கெரைட்டின் அருகே கொண்டுபோனால் டக், டக் என்று நிதானமாகத் தட்டியது. கீழ்த்தட்டிலிருந்து ஒரு கறுப்புக் கல்லை எடுத்து வைத்தார். பிட்ச்பிளெண்ட். புற ஊதா விளக்குக்கு அது எந்தப் பதிலும் சொல்லவில்லை. கெய்கர் கருவியோ காயும் எண்ணெயில் கடுகைப் போட்டாற்போல் பொரிந்து தள்ளியது.

காரணம் வயது. யுரேனியம்-238 பாதியாகக் குறைய 447 கோடி ஆண்டுகள். அது சிதைந்து ஈயமாக முடிவதற்குள் பதினான்கு படிகள். கறுப்புக் கல் இந்த மலைக்குள் உருவாகி இருபது கோடி ஆண்டுகளுக்கும் மேலாகிறது. தோரியம், ரேடியம், ரேடான், பொலோனியம் என்று மொத்தக் குடும்பமும் உள்ளே குடியேறிவிட்டது. ஒவ்வொன்றும் தன் பங்குக்குக் கதிர்கிறது. ஷ்ரோக்கிங்கெரைட்டின் கதை வேறு. மனிதன் சுரங்கம் வெட்டினான். காற்றும் நீரும் உள்ளே போயின. கறுப்புக் கல்லிலிருந்து யுரேனியம் மட்டும் கரைந்து, சுவரில் கசிந்து, காய்ந்து உப்பாகப் பூத்தது. சோடியம், கால்சியம், கார்பனேட், சல்பேட், ஃப்ளோரின், பத்து மூலக்கூறு நீர் எல்லாம் சேர்ந்த சிக்கலான உப்பு. தண்ணீர் பட்டால் கரைந்துவிடும், ஆகவே கழுவக்கூடாது. சுரங்கச் சுவரில் பூத்த அதன் வயது சில பத்தாண்டுகள், மிஞ்சினால் நூறு இருநூறு ஆண்டுகள். கரைந்து வரும்போது ரேடியம் பெரும்பாலும் பின்தங்கிவிடுகிறது. சிதைவு வரிசையின் முதல் சில படிகள் சில மாதங்களில் நிரம்பிவிடும். ஆனால் மீண்டும் ரேடியம் வரை போய் நிரம்புவதற்கு லட்சக்கணக்கான ஆண்டுகள் ஆகும். அதுவரை இது கண்ணுக்கு நெருப்பு, கருவிக்குக் கொஞ்சம் சாது. சாது என்பதற்காக நக்கிப் பார்க்கக் கூடாது. யுரேனியம் உடலுக்குள் போனால் சிறுநீரகத்துக்குக் கேடு.

அப்படியானால் கதிரியக்கமே ஒளியாவது கிடையாதா என்று கேட்டேன். உண்டு என்று இழுப்பறையிலிருந்து ஒரு பழைய அலாரக் கடிகாரத்தை எடுத்தார். எண்களில் ரேடியமும் துத்தநாக சல்பைடும் கலந்த வண்ணம். ரேடியத்தின் கதிர் சல்பைடில் மோதி ஒளியாகும், விளக்கே வேண்டாம். அமெரிக்காவின் நியூ ஜெர்சி ஆலைகளில் அந்த வண்ணத்தைத் தீட்டத் தூரிகை முனையை உதட்டில் வைத்துக் கூராக்கிய பெண்கள் தாடை அழுகிச் செத்தார்கள். இப்போது அறையை இருட்டாக்கிப் பார்த்தோம். எண்கள் தெரியவில்லை. மோதி மோதிச் சல்பைடு சிதைந்துவிட்டது. ஒளி எப்போதோ செத்துப்போயிற்று. ரேடியம் பாதியாக 1,600 ஆண்டுகள் ஆகும். கருவியை அருகே கொண்டுபோனதும் அது பழையபடி பொரியத் தொடங்கியது.

கிளம்பும் முன் கைகழுவும் சடங்கு நடந்தது. துடைத்துக்கொண்டே அலமாரியை மறுபடி பார்த்தபோதுதான், சில பெட்டிகளின் மூடியில் சிவப்பாக வட்டப் புள்ளி ஒட்டியிருப்பதைக் கண்டேன். பச்சையாக எரிந்தவை எதிலும் புள்ளி இல்லை. பிட்ச்பிளெண்டுகளில் இருந்தது, கடிகாரம் இருந்த இழுப்பறையில் இருந்தது, பார்வைக்குச் சரளைக்கல் போலிருந்த சிலவற்றிலும் இருந்தது.

கேட்டேன். அவருக்கு ஒரு மகன், பிராகாவில் கணினி வேலை. கல்லில் ஆர்வம் இல்லை.

“என் காலத்துக்குப் பிறகு அவன் இந்த அலமாரியைத் திறப்பான்” என்றார். “முதலில் என்ன செய்வான்? விளக்கைப் போட்டுப் பார்ப்பான். எரிவதைக் கண்டு பயந்துபோய், எல்லாவற்றையும் பெட்டியில் போட்டு யாரையாவது கூப்பிடுவான். எரியாத கறுப்புக் கல் பாவம் ஒன்றும் செய்யாது என்று மேசையில் காகிதத்தின் மேல் வைத்துக்கொள்வான். அதற்காகத்தான் புள்ளி.”

தம்பி மொழிபெயர்த்து முடித்துவிட்டுத் தன் பங்குக்கு ஒன்று சேர்த்தார்: “எங்க ஊர்லயும் இப்படி யாராவது புள்ளி வெச்சிருந்தா நல்லாருக்கும்ணே.”

யாகிமோவுக்குப் போக நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். முதலில் விக்மனோவுக்குப் போய் அந்தச் செங்கல் கோபுரத்தின் அடியில் நில்லுங்கள். அடுத்து மேல்தெருவில் ஸ்வோர்னொஸ்ட் சுரங்க வாசல், அதன்பின் கீழ்முனையில் குளியல் விடுதிகள். ஒளிரும் கல்லைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்; பெரிய கனிமச் சந்தை எதிலும் இருட்டுக் கூடாரம் கட்டிக் காட்டுவார்கள், யாகிமோவைத் தவறவிட்டாலும் அதைத் தவறவிட மாட்டீர்கள். வரிசையை மாற்றினால் அந்தப் பச்சை மட்டும்தான் ஊர் திரும்பும்வரை கண்ணில் நிற்கும். மற்ற எதையும் பார்த்தமாதிரியே இருக்காது.